லிவரை விட்ட கை

சார், ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்தப் பக்கம் போதும். அந்தப் பைய மட்டும் காலால தள்ளிராதீங்க, உள்ள புள்ளைக்குப் பட்டுப் பாவாடையும் தோடும் இருக்கு. எட்டயபுரத்துல ஒரு காதுகுத்து. நீங்களும் எட்டயபுரந்தானா? அப்ப ஒண்ணாவே இறங்கிக்கிடலாம். ஒரு மணி நேரம் ஆகும். இந்த டிரைவர் உருட்டுத உருட்டுக்குக் கூடவே ஆகும்.

காதுகுத்துல நான்தான் தாய்மாமன். என் மடியில வச்சுத்தான் புள்ளைக்குக் காது குத்தப் போறாங்க. நீங்க என் கழுத்துல கிடக்கிற செபமாலையப் பாக்கீங்க, தெரியுது. நான் கடக்கரைக்காரன், பேரு கஸ்பார். புள்ளையோட அப்பன் எட்டயபுரத்துக்காரன், சீனிராஜ்னு பேரு, மெக்கானிக்கு. குலதெய்வம் கோயில்லதான் விசேசம். சொந்தமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அவன் பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்த ஆம்பள இல்ல. ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பின்னு நாலு பேரு இருக்கான். அவ்வளவு பேரையும் விட்டுட்டு என்னைய வந்து கூப்பிடுதான். "ஒரு புள்ளைய உசுரோட தூக்கிக் கொண்டாந்த கை அண்ணாச்சி உங்க கை. எம்புள்ள உங்க மடியிலதான் உக்காரணும்"ங்கான். வெத்தல பாக்கு வச்சு, பொண்டாட்டியவும் கூட்டிட்டு வந்து கூப்பிட்டான்.

வாரேன்னு சொல்லிட்டேன். சொன்ன நாள்லேருந்து எனக்குச் சோறு எறங்கல சார்.

ஏன்னு நீங்க கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன். அவன்கிட்டச் சொல்ல வேண்டிய விசயம் ஒண்ணு இருக்கு. புள்ளைய மடியில வாங்குததுக்கு முன்ன சொல்லிரணும்னு நெனச்சுத்தான் பஸ் ஏறியிருக்கேன். யாருன்னே தெரியாத உங்ககிட்ட ஒருதரம் சொல்லிப் பாத்தா நாக்குக் கொஞ்சம் பழகும்லா, அதான். உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வாரேன்.

நான் முப்பது வருசம் கடல்ல கெடந்தவன். இத முதல்லயே சொல்லிருதேன், பின்னால நீங்க என்னையப் பத்தி வேற மாதிரி நெனச்சிரக் கூடாது. வல்லம் ஓட்டியிருக்கேன், ஃபைபர் படகு ஓட்டியிருக்கேன், அவுட்போர்டு இஞ்சின வச்சுக்கிட்டு ஆடி மாசக் காத்துல கரைக்கு வந்திருக்கேன். எங்க ஊர்ல யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கஸ்பார் படகு ஓட்டத் தெரியாதவன்னு ஒருத்தன் சொல்ல மாட்டான். சொன்னா அவன் கடலுக்குப் போகாதவனா இருப்பான்.

நாலு வருசத்துக்கு முன்ன எங்க ஆத்தோரத்துல ஒரு ரிசார்ட்டு வந்துச்சு. ஆறு வந்து கடல்ல சேருத எடம் எங்க ஊரு. முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் தண்ணி ஏரி மாதிரி அகலமா கெடக்கும். அங்கன சுத்திக் காட்டுததுக்கு ரெண்டு ஜெட் போட்டு வாங்கிப் போட்டான். எனக்கும் மூட்டு வலி வந்து வலை இழுக்க முடியாம இருந்த நேரம். டிரைவர் வேல கெடச்சுது. வெள்ளச் சட்ட, தொப்பி, மாசச் சம்பளம். பிலோமிக்கு, அதான் என் வீட்டுக்காரிக்கு, அவ்வளவு சந்தோசம்.

நீங்க ஜெட் போட்டு பாத்திருக்கீங்களா? சின்னது சார். அஞ்சு பேரு உக்காரலாம். பக்கச் செவரு தண்ணிக்கு மேல ஒண்ணு, ஒண்ணரைச் சாண் இருந்தாப் பெருசு. உக்காந்த எடத்துலேருந்து கைய நீட்டுனா தண்ணி. அமந்த தண்ணியில கெடந்தா பாக்க அழகாத்தான் இருக்கும். அலை வந்தா சாப்பாட்டுத் தட்டுதான். முதல் நாள் பாத்துட்டு, "இது படகா, இல்ல கொழம்பு ஊத்துத கிண்ணமா"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க.

சிரிக்காம நின்னவன் ஒருத்தன். அவன்தான் சீனிராஜ். பைக் மெக்கானிக்கா இருந்தவன், எவனோ சொல்லி அந்த வேலைக்கு வந்திருக்கான். முப்பது முப்பத்திரெண்டு வயசு இருக்கும். நீச்சல் தெரியாது. படகு ஏறுத பாலத்துல நடக்கும்போதே கம்பியப் புடிச்சுக்கிட்டு நடப்பான். அவன் எனக்குச் சொல்லிக்குடுக்கான், "அண்ணாச்சி, இதுல அடியில சுத்துத காத்தாடி கெடையாது, சுக்கானும் கெடையாது. அடியில ஒரு வாய் தண்ணிய உறிஞ்சும், பின்னால ஒரு குழாய் பீச்சி அடிக்கும். ஸ்டீரிங்கத் திருப்புனா அந்தக் குழாய்தான் திரும்பும். பீச்சுனாத்தான் படகு திரும்பும். கேஸ, அதான் ஆக்சிலேட்டர, விட்டுட்டா நீங்க ஸ்டீரிங்க எத்தன சுத்துச் சுத்துனாலும் அது வெறும் கட்டை. பயம் வந்தா கேஸ விடாதீங்க, அங்கனதான் கொடுக்கணும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏலே, எட்டயபுரத்துல எந்தக் கடல்ல ஓட்டிப் பழகுன?"ன்னு கேட்டேன். அன்னைக்கு முழுக்க அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். ஆனா விடல. மறுநாளும் வந்து சொன்னான். "அலை இருந்தா ஆளுங்களப் பின்னால உக்கார வைங்க அண்ணாச்சி, மூக்கு தூக்கி இருக்கணும். அலைய நேராப் போயி முட்டாதீங்க, கொஞ்சம் சாச்சு ஏறுங்க. குதிச்சா வாய் காத்தக் குடிச்சிரும், இஞ்சின் சும்மா கத்தும், படகு போகாது. திரும்பத் தண்ணியக் கவ்வும்போது வெடுக்குனு இழுக்கும்." நான் சரி சரின்னு தலைய ஆட்டுனேன். காதுல வாங்கல. வாங்காமலும் இல்ல, இப்ப ஒரு வார்த்த விடாமச் சொல்லுதேம்லா? அன்னைக்கு வாங்குனதாக் காட்டிக்கிடல.

இது எந்த ஊரு? குறுக்குச்சாலையா? நேரம் இருக்கு.

இப்ப முக்கியமான விசயம் ஒண்ணு சொல்லணும், இல்லன்னா உங்களுக்கு விளங்காது. முகத்துவாரத்துல தெக்குப் பக்கம், கல்லு கொட்டியிருக்கிற எடத்துல, மாதா குருசடி ஒண்ணு இருக்கு. சின்னக் கோயிலுதான், ஒரு ஆளு நிக்கலாம். கடலுக்குப் போற எந்தப் படகா இருந்தாலும் அதைத் தாண்டும்போது கேஸக் குறைச்சிரணும். இஞ்சின் சத்தம் அடங்கணும். தலைத்துண்ட எடுத்துட்டு, கடத்தண்ணியத் தொட்டு, நெத்தியில சிலுவை போட்டுட்டுத்தான் கேஸக் கூட்டணும். எங்க ஊர்ல கைப்புள்ளைகூட அந்த எடம் வந்தா கையத் தூக்கும். ஃபைபர் நீளப் படகு, கேஸக் குறைச்சாலும் வந்த வேகத்துல அது பாட்டுக்கு நேரா போகும். முப்பது வருசம், நாளுக்கு ரெண்டு தரம். கணக்குப் போட்டுப் பாருங்க.

ஜெட் போட்டுல அந்தக் குருசடிய நான் தாண்டுனதே கெடையாது. ரிசார்ட்டுக்காரன் முகத்துவாரத்துக்கு முன்னாலயே மஞ்ச மிதவை ஒண்ணு போட்டிருந்தான். அதுதான் எல்ல.

கோயமுத்தூர்லேருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. புருசன், பொண்டாட்டி, ஆறு வயசுல ஒரு பொம்பளப் புள்ள, மித்ரான்னு பேரு. சாயங்காலம் நாலு மணி இருக்கும். கொண்டல் காத்து, கெழக்கேயிருந்து நல்லா அடிக்கு. ஆத்துத் தண்ணியோ வத்திக் கடல் பாத்து ஓடுது. காத்து ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம்னா முகத்துவாரத்துல அலை எப்படி இருக்கும்? உயரம் இருக்காது, ஆனா ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு மூச்சு விடாம வரும். அன்னைக்கு சீனிராஜும் படகுல வந்தான். இஞ்சின்ல ஒரு சத்தம் வருது, ஓடும்போது கேக்கணும்னு பின்னால மூடி மேல காத வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். லைஃப் ஜாக்கெட்டு இறுக்கிக் கட்டியிருந்தான். எனக்கு ஜாக்கெட்டு கெடையாது. கடக்கரைக்காரன் அத மாட்டிக்கிட்டு நின்னா ஊரே சிரிக்கும்.

மிதவைகிட்ட வந்ததும் அந்த சார் கேட்டாரு, "கடல் வரைக்கும் போக முடியாதா?"ன்னு. முடியாதான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? என்கிட்ட வந்து முடியாதான்னு? சீனிராஜு பின்னாலேருந்து, "அண்ணாச்சி, மிதவையத் தாண்ட வேண்டாம்"ன்னான். நான் தாண்டிட்டேன். அது ஒரு பெரிய விசயம் இல்ல சார், எல்லாரும் தாண்டுததுதான். அந்தப் புள்ள முன்னால வந்து எம்பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிடுச்சு, ஸ்டீரிங்கப் பாக்கணும்னு. "பாப்பாவப் பின்னால அனுப்புங்க, மூக்கு தாழுது"ன்னான். இருக்கட்டும்லேன்னேன்.

நல்லாத்தான் ஓட்டுனேன். பாதிக் கேஸ்ல, அலையக் கொஞ்சம் சாச்சுச் சாச்சு ஏறி, தொம் தொம்னு. புள்ள ஒவ்வொரு குதிக்கும் சிரிக்கு. அந்த அம்மா முகத்துல தண்ணி தெறிச்சு அவங்களும் சிரிக்காங்க. சீனிராஜு சொன்னதத்தான் செஞ்சேன், இப்ப நெனச்சா தெரியுது. அப்ப ஏதோ எனக்கே கை வந்த மாதிரி இருந்துச்சு.

அப்பத்தான் வலது பக்கத்துல குருசடி வந்துச்சு.

நான் யோசிக்கல சார். மாதா சத்தியமா யோசிக்கல. வலது கை கேஸ் லிவர்ல இருக்கு. அந்தக் கை தன்னால லிவரப் பின்னால இழுத்துச்சு, இஞ்சின் அடங்குச்சு, தொப்பி கழண்டுச்சு, கை தண்ணியத் தொட்டு நெத்திக்குப் போச்சு. பிதா சுதன்னு நான் சொல்லி முடிக்கல. படகு செத்துருச்சு. வேகம் போனதும் மூக்கு அமுங்குச்சு, பின்னால எங்க படகு கெளப்புன அலையே வந்து பின்பக்கத்தத் தூக்குச்சு, அப்படியே சுத்திப் பக்கவாட்டா அலைக்குக் குடுத்துருச்சு. ஒண்ணரைச் சாண் செவரு என்ன செய்யும்? ஒரு அலை உள்ள வந்துச்சு. முழங்காலுக்குத் தண்ணி.

நான் ஸ்டீரிங்கப் புடிச்சு ஒடிச்சேன். திரும்பல. இன்னும் ஒடிச்சேன். ஃபைபர்ல அலை பக்கவாட்டா வந்தா கேஸ விட்டுட்டு சுக்கான ஒடிக்கணும். என் கை அதத்தான் செஞ்சுச்சு. கட்டைய வச்சுக்கிட்டு சுத்துதேன். ரெண்டாவது அலை வருது. அந்த அம்மா அலறுதாங்க. பின்னால அவன் கத்துதான், "கேஸக் குடுங்க அண்ணாச்சி! கேஸக் குடுங்க!" எனக்குக் கேக்கு. கேட்டும் கை லிவருக்குப் போகல. முப்பது வருசம் கடல்ல கெடந்தவன் சார் நான். மரம் மாதிரி உக்காந்திருந்தேன்.

அவன் சீட்டத் தாண்டி, என் தோளுக்கு மேல எட்டி, லிவர முன்னால தள்ளுனான். இஞ்சின் முதல்ல சும்மா கத்துச்சு, காத்தக் குடிச்சிருக்கு. அப்புறம் தண்ணியக் கவ்வுச்சு. வெடுக்குனு ஒரு இழுப்பு. படகு திரும்பி அலை மேல ஏறிருச்சு. ஏறும்போது அந்தப் புள்ள எடது பக்கம் செவரத் தாண்டித் தண்ணிக்குள்ள போயிருச்சு. உக்காந்திருக்கல, எந்திரிச்சு நின்னுட்டு இருந்துச்சு.

நான் குதிச்சேன். அதுல எனக்கு யோசனையே கெடையாது, அது எனக்குத் தெரிஞ்ச வேல. ஜாக்கெட்டு பெருசு, புள்ள அதுக்குள்ள நழுவுது, மூக்கு மட்டும் வெளிய தெரியுது. நாலு வீச்சுல புடிச்சிட்டேன். தல மேல தூக்கி வச்சுக்கிட்டு நின்ன நீச்சல்ல கெடந்தேன். ஊரெல்லாம் சொல்லுதாங்கள்லா, கஸ்பார் புள்ளையக் காப்பாத்துனான்னு, அது நெசம். அதுல ஒரு குறையும் கெடையாது.

ஆனா படகுல யாரு இருந்தா? நீச்சல் தெரியாத சீனிராஜு. மத்த ரெண்டு பேரயும் பின்னால தரையில உக்கார வச்சுட்டு, என் சீட்டுல உக்காந்து, கேஸ விடாம, அந்தத் தட்டுல பாதி தண்ணிய வச்சுக்கிட்டு ஒரு சுத்துச் சுத்தி எங்ககிட்ட வந்தான். காத்தாடி இல்லாத படகு, கிட்ட வந்தாலும் ஆள வெட்டாது. அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அலைக்கு மூக்கக் காட்டிக்கிட்டே, கொஞ்சங் கொஞ்சமா கேஸக் குடுத்து, எங்க பக்கத்துலயே புடிச்சு நிறுத்துனான். புள்ளையத் தூக்கிக் குடுத்தேன், நானும் ஏறுனேன். ஏறுனதும் அவன் எந்திரிச்சு சீட்ட எனக்கு விட்டுட்டான். "நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி"ன்னான். கரைக்கு நான்தான் கொண்டாந்தேன். கரையில நின்னவங்க பாத்தது அதத்தான்.

மறுநாள் ஆபீஸ் ரூம்ல விசாரணை. மேனேஜர், அந்த கோயமுத்தூர் சார், நான், சீனிராஜு. மேனேஜர் கேட்டாரு, "லிவரத் தள்ளுனது யாரு?" சீனிராஜு, "நான்தான் சார்"ன்னான். "டிரைவர் இருக்கும்போது நீ ஏன் தொட்ட?" அவன் என் மூஞ்சியப் பாத்தான். நான் சொல்லுவேன்னு பாத்தான் சார். மேனேஜரு என்கிட்ட திரும்பி, "நீங்க கேஸக் குறைச்சீங்களா?"ன்னு கேட்டாரு. நான், "அந்த எடத்துல குறைக்கது வழக்கந்தான் சார்"னேன். பொய்யா? வழக்கந்தான? ஒரு பொய்யும் நான் சொல்லல, பாத்துக்கிடுங்க. மேனேஜரு சொல்லுதாரு, "முப்பது வருசம் கடல்ல இருந்தவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"னு. இதே வார்த்தயத்தான் நானும் அவன்கிட்ட முன்னால சொன்னேன், வேற மாதிரி. அன்னைக்கே அவன வேலையவிட்டு நிறுத்திட்டாங்க.

மிதவையா? ஆமா, மிதவையப் பத்தியும் கேட்டாரு. காத்து தள்ளிட்டுப் போயிருச்சுன்னேன். அது ஒண்ணு பொய்தான். அத விடுங்க.

சொல்ல வந்தது அது இல்ல. வேலை போனது கூட பெருசு இல்ல சார். சாமானத் தூக்கிட்டு பாலத்துகிட்ட நின்னான். நான் போனேன். ஆறுதலா ஏதாச்சும் சொல்லணும்னுதான் போனேன். அவன் கேட்டான், "ஏன் அண்ணாச்சி அந்த எடத்துல கேஸ விட்டீங்க? நான் அத்தன தரம் சொன்னேனே"ன்னு. கோவமா கேக்கல. மெக்கானிக்குல்லா, காரணம் தெரியணும் அவனுக்கு. என் வாயிலேருந்து வேற ஒண்ணு வந்துச்சு.

"நீ கொஞ்சம் மெதுவாத் தள்ளியிருந்தேன்னா புள்ள விழுந்திருக்காதுலே."

இதச் சொன்னேன் சார். இந்த வாய்தான் சொல்லிச்சு. அவன் மூஞ்சி அப்படியே வெளுத்துருச்சு. அப்புறம், "ஆமா அண்ணாச்சி. மெதுவாத்தான் குடுத்திருக்கணும். நீங்க மட்டும் இல்லன்னா நான் கொலகாரன்"ன்னான். குனிஞ்சு என் காலத் தொட்டான். நான் எடுக்கல சார், கால எடுக்கல. எனக்கு அப்ப நெஞ்சு லேசாகுன மாதிரி இருந்துச்சு. அத நெனச்சாத்தான் இன்னைக்கு வெக்கமா இருக்கு. பழிய ஒருத்தன் வாங்கிக்கிட்டுப் போனதும் எனக்கு மூச்சு நல்லா வந்துச்சு.

புள்ள ஏன் எந்திரிச்சு நின்னுச்சுன்னு நீங்க கேக்கலையே. யாரும்தான் கேக்கல. நான்தான் எந்திரிக்கச் சொன்னேன். குருசடி வரவும், "பாப்பா, அந்தா மாதா, எந்திரிச்சுக் கும்பிட்டுக்கோ"ன்னேன். சீட்டு மேல ஏறி நின்னு ரெண்டு கையையும் கூப்புச்சு. ரெண்டு கையையும். எதப் புடிக்கும்? கரைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, அங்கன அந்தப் புள்ள அவங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கு, மாமா சாமி கும்பிடச் சொன்னாங்கன்னு. அந்த அம்மா அழுதுக்கிட்டே என் கையப் புடிச்சு, "நீங்க கும்பிடச் சொன்னதாலதாங்க எம்பொண்ணு பொழச்சா"ங்காங்க. நான் தலையக் குனிஞ்சு நின்னேன். அடக்கமான மனுசன்னு நெனச்சுட்டாங்க.

அப்புறம் கேளுங்க. எங்க மாதா கோயில் திருவிழாவுல சாமியார் மேடையில ஏத்திப் பொன்னாட போத்துனாரு. மாதா காட்டுன அடையாளம்னு பிரசங்கம். அந்த மேடையில நின்னு நான் எப்படிச் சொல்ல, மாதாவக் கும்பிடப் போயித்தான் புள்ள தண்ணியில விழுந்துச்சுன்னு? மாதாவுக்கே கெட்ட பேருல்லா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மாதா மேல பாரத்தப் போட்டுட்டு பொன்னாடையோட வீட்டுக்கு வந்துட்டேன். பிலோமி அதக் கண்ணாடி போட்ட அலமாரியில மடிச்சு வச்சிருக்கா. நான் அந்தப் பக்கம் பாக்கதில்ல.

இப்ப நான் சீனியர் டிரைவர். புதுசா வார பயலுவளுக்கு நான்தான் சொல்லிக்குடுக்கேன். "ஏலே, பீச்சுனாத்தான் திரும்பும். கேஸ விட்டா கட்டை. பயம் வந்தா விடாத, அங்கனதான் குடுக்கணும்." வார்த்தைக்கு வார்த்த அவன் சொன்னது. நல்லாச் சொல்லிக்குடுக்கீங்க அண்ணாச்சின்னு பயலுவ சொல்லுவானுவ. நானும் ஆமான்னு இருப்பேன்.

அவன் ஊருக்கு வந்து பஞ்சர் கட போட்டிருக்கான். பஞ்சர் மட்டும். இஞ்சின்ல கை வைக்க மாட்டேங்கான். போன வருசம் தூத்துக்குடியில ஒருத்தன் சொல்லித்தான் தெரிஞ்சுது. ஒருநா கெளம்பிப் போனேன், சொல்லிரலாம்னு. டீ வாங்கிக் குடுத்தான். பொண்டாட்டியக் கூப்பிட்டு, "இவங்கதான், நான் சொன்னேம்லா, இவங்கதான்"னான். அந்தப் பொண்ணு வாயும் வயிறுமா நிக்கி, என்னையக் கையெடுத்துக் கும்பிடுது. கடைக்கு ஒருத்தன் பைக்கத் தள்ளிட்டு வந்தான், ஸ்டார்ட் ஆகல, கொஞ்சம் பாருன்னான். இவன், "இல்லங்க, நான் ஆக்சிலேட்டரத் தொடுததில்ல"ன்னு சொல்லிட்டு என்னையப் பாத்துச் சிரிச்சான். அவ்வளவு கைத்திறம் உள்ளவன் சார். டீயக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

எப்போதும்வென்றான் தாண்டிருச்சா? அதுக்குள்ளயா?

சரி. இன்னைக்குச் சொல்லிருவேன். இறங்குன உடனே சொல்லிரணும், கோயிலுக்குப் போயிட்டா கூட்டமாயிரும். "சீனிராஜு, ஒன்மேல தப்பே கெடையாது. நான்தான் கேஸ விட்டேன், நான்தான் புள்ளைய நிக்கச் சொன்னேன். நீ தள்ளலன்னா அஞ்சு பேரும் போயிருப்போம்." அவ்வளவுதான? மூணு வாக்கியம். உங்ககிட்ட எவ்வளவு சுளுவா வந்துருச்சு பாருங்க. அப்புறம் புள்ளைய எம்மடியில உக்கார வைக்கதும் வைக்காததும் அவன் இஷ்டம். போங்கன்னு சொன்னா இந்தப் பையக் குடுத்துட்டு அடுத்த பஸ்ல ஏறிருவேன். ஏறத்தான் வேணும்.

அவன் கை திரும்ப இஞ்சினத் தொடணும் சார். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

இந்தா ஸ்டாண்டு வந்துருச்சு. மெதுவா எறங்குங்க, படி உடைஞ்சிருக்கு. பைய நான் வச்சிருக்கேன். அட, அங்க நிக்கான் பாருங்க, வேட்டி கட்டிக்கிட்டு. புள்ளையவும் தூக்கிட்டு வந்திருக்கான், எதுக்கு இந்த வெயில்ல...

வாப்பா சீனிராஜு. நல்லாருக்கியா? ஏன் புள்ளையக் கொண்டாந்த, நான்தான் வாரேம்லா. இவங்களா? இவங்க எம்பக்கத்து சீட்டு. தூத்துக்குடியிலேருந்து ஒண்ணா பேசிக்கிட்டு வந்தோம்.

இரு இரு, புள்ளைய இப்பவே எங்கைல குடுக்காத. ஒரு நிமிசம். ஒண்ணு உன்கிட்ட... சரி குடு, குடு, அழுவுது பாரு. வாடா தங்கம். மாமாகிட்ட வந்ததும் அழுகைய நிறுத்திருச்சு பாத்தியா.

என்ன கேக்க? இந்த சாருகிட்ட என்ன பேசிட்டு வந்தேன்னா? வேற என்னப்பா, நான் அந்தப் புள்ளையத் தண்ணியிலேருந்து தூக்குன கதையத்தான் சொல்லிட்டு வந்தேன். என்ன சார், அப்படித்தான?